அவசரமில்லாத 160 கிலோமீட்டர்

வயதானவர்களைக் காரில் ஏற்றுகிறோம் என்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு. இல்லையென்றால் கல்யாணத்துக்கு, கருமாதிக்கு. மூன்றுக்கும் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். எந்த வேலையும் இல்லாமல், ஊர் பார்ப்பதற்காக மட்டும் அவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் குறைவு.

எண்பதைத் தாண்டிய என் அத்தையை அப்படித்தான் அழைத்துப்போனேன். திருச்சியில் கிளம்பி கல்லணை, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக் கடல்வரை. ஏறக்குறைய 160 கி.மீ. விரட்டினால் ஒரு பகலில் முடிந்துவிடும். நாங்கள் விரட்டவில்லை.

ஆடி மாதம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வழிகாட்டி அத்தைதான். வயலோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, "நாத்து முத்திப்போச்சுடா, இதை நட்டு என்னத்த விளையும்?" என்றார். விவசாயக் குடும்பத்தில் வாழ்ந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே இருப்பது வேடிக்கை அல்ல, கணக்கு வழக்கு. திருவையாற்றில் பாசிப்பருப்பு அசோகாவை, சர்க்கரை நோயை நினைவூட்டிய என்னை முறைத்துக்கொண்டே, இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார்.

முழங்காலைக் கேட்டுத் திட்டமிடுங்கள்

சுவாமிமலை முருகனைப் பார்க்க 60 படி ஏற வேண்டும். அத்தையால் முடியாது. அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு, சிற்பக்கூடம் ஒன்றுக்குப் போனோம். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அத்தை எழுந்திருக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கும்பகோணத்தை ஒட்டி, இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரம் கோயிலுக்கு மலையேற வேண்டாம். ஆனால் வெயிலேறிய கல்தரையில் வெறுங்கால் தாங்காது. காலையிலேயே போய்விட வேண்டும். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள்.

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. சாயங்காலக் காற்றில் அங்கே உட்கார்ந்திருப்பதே போதும். எல்லா அறைகளையும் சுற்ற வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

மணிக்கு ஒருமுறை இறங்கி நாலடி நடக்க வையுங்கள். கால் தொங்கியபடியே இருந்தால் வீங்கும். ரத்தம் கட்டவும் வாய்ப்புண்டு. முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் கால் நீட்ட இடம் கிடைக்கும். முதலில் உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் ஒன்றாக உள்ளே எடுத்து வைப்பது முழங்காலுக்குச் சுலபம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை கழிப்பறை. அதற்குப் பயந்து பலர் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர் அதிகம் போகவைக்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் விழுங்காமல் ஒளித்துவிடுகிறார்கள். இரண்டும் ஆபத்து. வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள ஓட்டல்களை முன்கூட்டியே விசாரித்து, அவற்றை வைத்தே நிறுத்தங்களை முடிவு செய்யுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காசியும் ராமேஸ்வரமும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து மாவட்டமே போதும். அவர்களால் காரில் ஏறி இறங்க முடிகிறபோதே அழைத்துப்போய்விடுங்கள்.