ஏடு எடுக்கும் கிளியும் வாக்குத்தத்த அட்டையும்

முன்னுரை

கம்மாபுரம் வட்டாரச் சிற்றூர்களில் ஊழியம் செய்வோர் கிளி சோதிடரை அறியாதிருக்க முடியாது. மரத்தடியில் ஒரு துணி விரிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் ஏடுகள் அடுக்கப்பட்டிருக்கும். வந்தவரின் பெயரைச் சொல்லிச் சோதிடர் அழைத்ததும் கிளி கூண்டினின்று வெளிவந்து, சில ஏடுகளை அலகினால் தள்ளிவிட்டு, ஒன்றை எடுத்துக் கொடுத்து, நெல்மணியைப் பெற்றுக்கொண்டு கூண்டிற்குள் திரும்பும்.

இதே வட்டாரத்து ஆலயங்களில் டிசம்பர் 31ஆம் நாள் இரவு ஆராதனையின் முடிவில் வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் வைக்கப்படுகின்றன. சபையார் வரிசையாக வந்து, சிலர் கண்களை மூடிக்கொண்டு, ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் செல்கின்றனர். "ஐயா, இவ்விரண்டிற்கும் வேறுபாடு யாது?" என்று இறையியல் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அன்று என்னால் தெளிவாக விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

1. டாரட் அட்டை: விளையாட்டு குறியாக மாறிய வரலாறு

இந்நாளில் நகரங்களில் பரவிவரும் டாரட் அட்டைகள் பண்டைய எகிப்தின் மறைஞானம் என்று பலர் நம்புகின்றனர். வரலாறு வேறு. சீட்டாட்டம் 14ஆம் நூற்றாண்டில் இசுலாமிய நாடுகளிலிருந்து ஐரோப்பாவிற்குச் சென்றது. டாரட் கட்டு 1440ஐ ஒட்டி வட இத்தாலியில் உருவாயிற்று. நான்கு இனங்களாக 56 அட்டைகளும், படம் வரைந்த 22 அட்டைகளும் சேர்ந்து 78 அட்டைகள் கொண்ட கட்டு அது. பிரபுக்கள் அதைக் கொண்டு பொழுதுபோக்காக ஆடினர். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் மக்கள் இன்றும் அதை ஆட்டமாகவே ஆடுகின்றனர்.

இவ்வட்டைகளில் எகிப்தியரின் மறைபொருள் அடங்கியிருக்கிறது என்று 1781இல் எழுதியவர் கூர் த ஜெபலின். நாம் சற்றே தலைகுனிய வேண்டிய செய்தி யாதெனில், அவர் சீர்திருத்தத் திருச்சபையில் குருவாக அபிஷேகம் பெற்றவர்; துன்புறுத்தப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்தரின் தலைவராயிருந்த அந்துவான் கூரின் மகன். எகிப்தின் சித்திர எழுத்தை அப்போது எவரும் வாசிக்க அறியார். அதன் பொருள் 1822இல்தான் வெளிப்பட்டது. எனினும் ஊகம் பரவிற்று. 1785இல் எத்தேயா என்பவர் டாரட் கொண்டு குறி சொல்லும் முறையை நூலாக்கினார். 1909இல் இலண்டனில் வெயிட் என்பவரின் திட்டப்படி பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டே இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குகிறது. ஆட்டத்திற்கென்று செய்த அட்டை, மனிதரின் அச்சத்தாலும் ஆவலாலும், குறி சொல்லும் அட்டையாயிற்று.

2. கிளி ஏடும் நம் மக்களின் கலக்கமும்

நம் நாட்டுக் கிளி சோதிடத்தில், 27 நட்சத்திரங்களுக்கு ஈடாக 27 ஏடுகள் வைக்கும் வழக்கம் உண்டு. அவற்றில் முருகன், பிள்ளையார், அம்மன் படங்களோடு புத்தர் படமும் இயேசுவின் படமும் மரியாளின் படமும் இடம்பெறுவதுண்டு. எம்மதத்தார் வந்தாலும் அவர்களுக்கு ஒரு சொல் வைத்திருப்பது அத்தொழிலின் இயல்பு.

2024 ஏப்ரலில் நம் கடலூர் மாவட்டத்திலேயே இது பெருஞ்செய்தியாயிற்று. நாடாளுமன்றத் தேர்தலில் கடலூர்த் தொகுதியில் நின்ற திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சான் வெற்றி பெறுவார் என்று தென்னம்பாக்கத்துக் கிளி சோதிடர் ஒருவர் ஏடு பார்த்துச் சொன்னார். கிளியைக் கூண்டிலடைத்து வைத்தல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால் வனத்துறையினர் சோதிடரைப் பிடித்துக் கிளிகளைக் கைப்பற்றினர். ஜூன் 4ஆம் நாள் முடிவு வெளியானபோது வென்றவர் காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத். தன் கூண்டு திறக்கப்படும் நாளை அறியாத பறவையிடம் மனிதர் தம் நாளைக் கேட்கின்றனர் என்பது நகைப்பிற்குரியதன்று, இரங்கத்தக்கது.

இரங்கத்தக்கது என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாள்முதல் இப்பகுதியில் சுரங்கத்திற்காக ஊர்கள் பல இடம்பெயர்ந்துள்ளன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, பயிர் நின்ற வயல்களில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை நாடறியும். எந்த நிலம் போகும், பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று அறியாது வாழ்வோர் ஏடு எடுப்பாரை நாடுவதில் வியப்பில்லை. சோதிடர் அவர்களை உட்காரவைத்து, பெயரைக் கேட்டு, அவர்தம் துயரத்தைச் செவிகொடுத்துக் கேட்கிறார். நாம் அவ்வளவு நேரம் கேட்கிறோமா?

3. திருமறையிலும் திருச்சபையிலும் சீட்டு

குறி கேட்பதை உபாகமம் 18 கடிந்து விலக்குகிறது. பிலிப்பி பட்டணத்துக் குறி சொல்லும் பெண்ணை வைத்து அவள் எஜமான்கள் ஆதாயம் பெற்றதை அப்போஸ்தலர் 16 காட்டுகிறது. ஆயினும் சீட்டுப் போடுதல் திருமறையில் உண்டு. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டதும் சீட்டினாலேயே. ஆனால் பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின் திருச்சபை சீட்டுப் போட்டு முடிவெடுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் காணோம். ஜெபித்து, கூடிப் பேசி, ஆவியானவரின் நடத்துதலை ஆராய்ந்தே முடிவு செய்தனர்.

பிற்காலத்தில் வேதபுத்தகத்தையே திறந்து குறி பார்க்கும் வழக்கம் எழுந்தது. அகுஸ்தீன் தம் 55ஆம் கடிதத்தில், பேய்களிடம் குறி கேட்பதினும் இது மேலானதெனினும், இறைவாக்கை உலகக் காரியங்களுக்குப் பயன்படுத்துதல் தமக்கு உகந்ததன்று என எழுதினார். 506இல் கூடிய ஆக்து சங்கம் அதைத் தடைசெய்தது.

நம் வாக்குத்தத்த அட்டைக்கு நெருங்கிய முன்னோடி ஜெர்மானிய பக்திநெறி இயக்கத்தில் உள்ளது. 1718இல் பொகாட்ஸ்கி நாள்தோறும் தியானிப்பதற்கு வசனங்களைத் தொகுத்துப் 'பொற்கருவூலம்' வெளியிட்டார். தெர்ஸ்தேகன் தம் தொகுப்பொன்றிற்குப் 'பக்தரின் லாட்டரி' என்றே பெயரிட்டார். பெட்டியிலிருந்து வசன அட்டை எடுப்பது பக்தியுள்ள இல்லங்களின் வழக்கமாயிற்று.

1728 மே 3ஆம் நாள் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டார்ப் பிரபு சபைக்கு அன்றாட வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது நூலாக வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டினால் எடுக்கப்படுகிறது. அதற்கேற்ற புதிய ஏற்பாட்டு வசனத்தை ஒருவர் ஆராய்ந்து சேர்க்கிறார். அவ்வசனம் ஒருவருக்குரியதன்று, சபை முழுவதற்கும் உரியது. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவிய சகோதரர் இம்மரபினரே. திருமணத்தையும் சீட்டினால் உறுதிசெய்த அச்சபையார், 1818ஆம் ஆண்டுப் பொதுச்சங்கத்தில் பெரும்பாலோருக்கு அதைக் கைவிட்டனர். வசனத்தைக் காத்துக்கொண்டு, வாழ்வைச் சீட்டிற்கு ஒப்புவிப்பதை விட்டது அவர்கள் பெற்ற முதிர்ச்சி எனலாம்.

4. ஒரு தாயின் கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன் புத்தாண்டு இரவில் நானே தட்டை ஏந்தி நின்றேன். நோயுற்ற கணவரை வீட்டில் விட்டுவந்த தாய் ஒருவர் எடுத்த அட்டையில் சங்கீதம் 118:17 இருந்தது. சாவைத் தப்பிப் பிழைத்தவனின் வசனம் அது. அவர் கண்ணீரோடு என்னிடம் காட்டினார். "கர்த்தர் பேசியிருக்கிறார் அம்மா" என்றேன். பங்குனி மாதத்தில் கணவர் இறந்தார். அடக்க ஆராதனைக்குப் பின் அந்தத் தாய் கேட்டார்: "ஐயரே, கர்த்தருடைய வார்த்தை தவறிற்றா, என் கை தவறிற்றா?"

இரண்டும் தவறவில்லை, தவறியது என் வாய். அச்சங்கீதம், விடுவிக்கப்பட்டவன் ஆலய வாசலில் செலுத்தும் நன்றி; வரவிருக்கும் ஆண்டின் முன்னறிவிப்பு அன்று. அவ்வாறே எரேமியா 29:11 நம் அட்டைகளில் அடிக்கடி வருகிறது. அதற்கு முந்தின வசனம் கூறும் எழுபது ஆண்டுகளை நாம் அச்சிடுவதில்லை. அதைக் கேட்டோரில் பலர் பாபிலோனிலேயே மரித்திருப்பர். இரண்டே ஆண்டில் விடுதலை என்று இனிமையாகச் சொன்னவன் அனனியா. அவனைப் பொய்யன் என்கிறது 28ஆம் அதிகாரம். சூழலினின்று பறித்தெடுத்த வாக்குத்தத்தம், எரேமியாவின் சொல்லையே அனனியாவின் சொல்லாக மாற்றிவிடும்.

5. செய்யத்தக்கவை

மாணவரின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். வேறுபாடு அட்டையில் இல்லை. கேட்கும் கேள்வியில் உள்ளது. "எனக்கு என்ன நேரும்?" என்று கேட்டு எடுத்தால், திருவசனம் அச்சிட்ட அட்டையும் கிளி ஏடே. "எது நேரினும் என்னோடிருப்பவர் யார், அவர் என்னிடம் எதிர்பார்ப்பது யாது?" என்று கேட்டால், அது இறைவாக்கு.

ஆகவே ஊழியர்களுக்கு மூன்று கருத்துகளை முன்வைக்கிறேன். முதலாவது, தனித்தனி அட்டைக்குப் பதிலாகச் சபை முழுவதற்கும் ஒரே வசனத்தைக் கொடுத்து, அதன் அதிகாரத்தை அவ்விரவிலேயே விளக்கலாம். இரண்டாவது, அட்டை கொடுக்கும் வழக்கத்தை விடமுடியாத சபைகளில், ஆறுதல் வசனங்களோடு கட்டளைகளையும் புலம்பலின் ஜெபங்களையும் சேர்க்கலாம். மூன்றாவதே முதன்மையானது: ஜனவரி மாதத்தில் வீடுகளைச் சந்தித்து, ஒவ்வொருவரும் எதற்கு அஞ்சுகின்றனர் என்று கேட்க வேண்டும்.

அந்தத் தாய் இன்றும் ஆலயத்திற்கு வருகிறார். அந்த அட்டை அவருடைய வேதபுத்தகத்தில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் கணவர் இறந்த நாளை எழுதி, அதன் கீழே உயிர்த்தெழுதலைக் கூறும் 1 கொரிந்தியர் 15 என்று குறித்து வைத்துள்ளார். நான் விளக்கத் தவறியதை அவர் தாமே வாசித்து அறிந்துகொண்டார்.