மூட்டு வலியா? வேலையை விடாதீர்கள், செய்யும் முறையை மாற்றுங்கள்

திருவண்ணாமலை மாவட்டம், ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு பட்டு நெசவுக்குப் பேர்போன பகுதியில் இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்க நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. தறிக்குழியில் உட்காருகிறவருக்கும் வயலில் குனிகிறவருக்கும் ஐம்பது வயதை ஒட்டி வருகிற தொல்லை ஒன்றுதான். முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை தேவைப்படுகிறது.

அதன்பிறகு இரண்டில் ஒன்று நடக்கிறது. "நீங்க உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று பிள்ளைகள் சொல்ல, அப்பா திண்ணையோடு நின்றுவிடுகிறார். அல்லது மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு அம்மா வழக்கம்போல நடவுக்கு இறங்குகிறார். இரண்டுமே தவறு. முதலாவதில் தசை கரைகிறது. இரண்டாவதில் மூட்டு மேலும் தேய்கிறது. வலி மாத்திரையை நாள்கணக்கில் தொடர்ந்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும். கூலி ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில், முப்பது வருட அனுபவம் உள்ள ஓர் ஆளைக் குடும்பம் இழப்பதும் சாதாரண நட்டம் இல்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. உடம்பை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; மூட்டைக் கெடுக்கும் இருப்பையும் குனிவையும் மட்டும் வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மூட்டுக்கு அசைவு ஏன் தேவை?

முழங்கால் எலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரிலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. நடக்கும்போது குருத்தெலும்பு பஞ்சுபோல அழுந்தி, பிறகு விரிந்து, அந்த நீரை உறிஞ்சுகிறது. அசைவு நின்றால் இந்தப் பாசனமும் குறைகிறது. தொடைத் தசை மெலிந்தால், அது தாங்க வேண்டிய அதிர்ச்சி நேராக மூட்டில் இறங்குகிறது.

உடல் எடையும் முக்கியம். மூட்டுத் தேய்மானம் உள்ள, எடை கூடிய முதியவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று அது காட்டியது.

வயல் வேலையே உடற்பயிற்சிதானே?

களப் பயிற்சிகளில் விவசாயிகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நடப்பது, தள்ளுவது, தூக்குவது எல்லாம் பயிற்சிதான். ஆனால் மணிக்கணக்கில் குத்துக்காலிட்டுக் களை எடுப்பதும், வளைந்த முதுகோடு நாற்று நடுவதும் அப்படி இல்லை. ஒரே நிலையில் மடங்கிய மூட்டின் மேல் தொடர்ந்து சுமை ஏறுகிறது. நாள்தோறும் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலை முழங்கால் தேய்மானத்தைக் கூட்டும் என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி.

விதைக்கும் நாளிலேயே முடிவு செய்யுங்கள்

நின்றுகொண்டு களை எடுக்க வேண்டுமானால் கருவி வேண்டும். கருவி ஓட வரிசை வேண்டும். எனவே உங்கள் முழங்காலுக்கான முடிவை நடவு நாளிலேயே எடுத்தாக வேண்டும்.

நெல்: திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ. சதுர நடவு செய்தால் கோனோவீடரை இரு திசையிலும் ஓட்டலாம். இயந்திர நடவில் பெரும்பாலும் 30 செ.மீ. வரிசை இடைவெளி கிடைக்கிறது; அதில் ஒரு திசையில் ஓட்டலாம். கருவி ஓட்டும்போது வயலில் மெல்லிய அளவே நீர் இருக்கட்டும். ஆனால் சேற்றில் கோனோவீடரைத் தள்ளுவது லேசான வேலை இல்லை. வலி அதிகம் உள்ளவர் அதை இளையவரிடம் கொடுத்துவிட்டு மடை பார்ப்பது, நாற்றங்கால் கவனிப்பது போன்ற நடமாடும் வேலைகளை எடுத்துக்கொள்ளலாம்.

மணிலா: 30 செ.மீ. வரிசையில் விதையுங்கள். நீண்ட பிடியுள்ள களைக்கொத்தி அல்லது சக்கரக் களைக்கருவியால் நிமிர்ந்து நின்றே களை எடுக்கலாம். 45ஆம் நாளில் மண் அணைத்த பிறகு விழுது இறங்கும். அதற்குமேல் மண்ணைக் கிளறக் கூடாது. ஆகவே அதற்குள் இரண்டு முறை முடித்துவிடுங்கள். கருவி வாங்கும்போது கடையிலேயே பிடித்துப் பாருங்கள். முதுகு வளைந்தால் பிடி குட்டை என்று பொருள்.

அறுவடைக்குப் பின்: செடியிலிருந்து காய் பறிப்பதைத் தரையில் குந்திச் செய்ய வேண்டாம். செடிகளைக் கட்டிலிலோ மேடையிலோ போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பறியுங்கள். பால் கறக்க முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். மூட்டையை ஒரேயடியாகத் தூக்காமல் பாதி பாதியாகப் பிரித்து, தள்ளுவண்டியில் நகர்த்துங்கள்.

தறியில் இருப்பவர்களுக்கு

குழித்தறியில் கால் மிதியிலும் கண் பாவிலும் இருக்க, நேரம் போவதே தெரியாது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். எழ முடியாத நேரத்தில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு காலாக நீட்டி மடக்கலாம். தார் சுற்றும் பெரியவர்களைத் தரையிலிருந்து நாற்காலிக்கு மாற்றி, ராட்டையை அதே உயரத்துக்கு உயர்த்தி வையுங்கள்.

எவ்வளவு, எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட நோயும் உடல் குறைபாடும் உள்ளவர்களையும் சேர்த்தே பேசுகிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடல் இயக்கம், இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி என்பது அதன் அளவு. அந்த அளவை எட்ட முடியாவிட்டாலும், கொஞ்சம் செய்வதும் பலன் தரும் என்று அது சொல்கிறது. நாளுக்கு 10 நிமிட நடை மூன்று முறை, வாரத்தில் ஐந்து நாள் என்றால் கணக்கு சரியாகிவிடும்.

இத்துடன் இரண்டு பயிற்சிகள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 எண்ணும்வரை வைத்து இறக்குங்கள். காலுக்கு 10 முறை. பிறகு அதே நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்காருங்கள், 10 முறை. தொடக்கத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம்.

பயிற்சியின்போது சிறிது வலி இருக்கலாம். மறுநாள் அதே நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கினால் தொடருங்கள். இறங்காவிட்டால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். மூட்டு வீங்கிச் சூடாகச் சிவந்திருந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, அடிபட்ட பின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ, நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ பயிற்சியை விட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.

பக்கவாதம் வந்தவருக்கும் யானைக்கால் வீக்கம் உள்ளவருக்கும் அசைவு மருந்தாகும். யானைக்கால் வீக்கத்துக்குக் காலைத் தினமும் சோப்பால் கழுவித் துடைப்பது, உயர்த்தி வைப்பது, கணுக்காலைச் சுழற்றி அசைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தே சிகிச்சை.

அருகிலேயே ஒரு முன்னுதாரணம்

ஆரணிக்குப் பக்கத்து நகரமான வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்ய வழி கண்டதால், அவர் திறமை வீணாகவில்லை. பின்னாளில் அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார். 1966இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

உதவி எங்கே?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் இதில் அடங்கும். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். கருவிகளுக்கான மானியம், வாடகை விவரங்களை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் உழவன் செயலியிலும் அறியலாம். செயல்விளக்கம் பார்க்க கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

களப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். விவசாயியிடம் மண்ணைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்கும்போது, "முழங்கால் எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள். பயிர் இடைவெளியையும் கருவியையும் அந்தப் பதிலை வைத்துப் பரிந்துரையுங்கள். கூட்டம் நடத்தும்போது பாயோடு நாலு நாற்காலியும் போடுங்கள். தரையில் உட்கார முடியாததால் வராமல் போகிறவர்களும் அப்போது வருவார்கள்.