எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள்

"வாயே திறக்க மாட்டேங்கிறான் டாக்டர். பசிக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க." குழந்தை மருத்துவராக நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். வருகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றரை வயதிருக்கும். எடை போட்டால் வயதுக்கேற்ற எடைதான்.

மூன்று கிலோவில் பிறந்த குழந்தை, ஒரு வயதில் ஒன்பது கிலோவைத் தொடுகிறது. அடுத்த ஆண்டில் ஏறுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானப்படும்போது பசியும் குறையும். அது இயல்பு. நம் வீடுகளில் போராட்டம் தொடங்குவதும் சரியாக அப்போதுதான்.

காத்திருக்கும் இடத்தில் ஒரு பாட்டியைக் கவனித்தேன். இட்லியைச் சாம்பாரோடு மிக்ஸியில் அடித்துக் கொண்டுவந்திருந்தார். பேரனின் கண் செல்போனில். ஸ்பூன் உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறந்தது. பாட்டு நின்றதும் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். போதும் என்று அவன் சொல்லிவிட்டான். பாட்டி மறுபடி பாட்டைப் போட்டார். அன்பில்தான் செய்கிறார், சந்தேகமில்லை. ஆனால் இப்படியே பழகும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாமல் போகிறது.

"கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்பதும் வேலைக்காகாது. கீரை தண்டனையாகிறது, சாக்லேட் பரிசாகிறது. தடுத்து வைப்பதும் உதவாது: அமெரிக்க ஆய்வாளர் லியன் பிர்ச்சும் அவர் குழுவினரும் கண்ணெதிரே வைத்துக்கொண்டே தடுக்கும் தின்பண்டத்தின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை கூடுவதைக் கண்டார்கள்.

அதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுப்பதும் சரியல்ல. நாலு பாட்டில் பாலும் இடையிடையே பிஸ்கட்டும் என்றால் சோற்றுக்கு வயிற்றில் இடமேது? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை.

எல்லின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் வகுத்த முறையைத்தான் நான் பெற்றோரிடம் சொல்கிறேன். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. புதுக் காய் ஒன்றைப் பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகே சில பிள்ளைகள் தொடும். அதுவரை வற்புறுத்தாமல் வைத்துக்கொண்டே இருங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள்.

எடை ஏறாமல் நின்றாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, இன்று இரவுச் சாப்பாட்டுக்குச் செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பிள்ளை முகத்தைத் திருப்பியதும் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.