கீழ்ப்பாக்கமும் வட்ட மருத்துவமனையும்

ஊர்ப்பெயரொன்று வசைச்சொல்லான விந்தை நம் தமிழில் உண்டு. 'கீழ்ப்பாக்கத்துக்குப் போகவேண்டிய ஆள்' என்று சொல்லிச் சிரிக்காத திண்ணையும் திரைப்படமும் அரிது. 1794இல் சென்னையில் தோன்றி, 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்த மனநலக் காப்பகம் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேரைப் பேணி வந்துள்ளது. நாமோ அதன் பெயரை ஏளனமாக்கினோம். வீட்டில் மணப்பருவத்துப் பெண்ணை வைத்திருப்போர் அவ்வாசலை மிதிக்க அஞ்சியதில் வியப்பென்ன?

அரசின் தனி மனநல மருத்துவமனை என நெடுங்காலம் தமிழகத்தில் இருந்தது அஃதொன்றே. தொலைவும் நாணமும் சேர்ந்து தென்மாவட்டத்தாரை வேறு வாசல்களுக்கு அனுப்பின. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவிற்குச் சமய வேறுபாடின்றி மக்கள் நோயாளிகளை அழைத்து வந்தனர். அவர்தம் நம்பிக்கையைப் பழித்தல் நம் நோக்கமன்று. அந்நம்பிக்கையைச் சுற்றி முளைத்த தனியார் காப்பகங்களே கண்டனத்திற்குரியவை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை அத்தகைய கொட்டகையொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர்.

காப்பகங்கள் மூடப்பட்டன. ஆனால் அங்கு வந்தோர் இனி எங்குச் செல்வர்? இவ்வினாவிற்கு விடையாக அமையத்தக்கது மாவட்ட மனநலத் திட்டம். நடுவணரசு 1996இல் தொடங்கிய இத்திட்டம் தமிழகத்தில் முதலில் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. ஏர்வாடித் துயருக்குப்பின் இராமநாதபுரத்திற்கும் மதுரைக்கும் விரிந்து, இன்று மாநிலமெங்கும் பரவியுள்ளது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார்; குறித்த நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்குச் சென்று புறநோயாளரைப் பார்ப்பார்; மாத்திரைகள் விலையின்றிக் கிடைக்கும். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் வந்தோர் நிற்கும் வளாகத்திலேயே இவரும் நிற்பதால், எந்நோய்க்கு வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. சுவர் சூழ்ந்த பெருங்கட்டடம் தராத மறைவை இக்கூட்டம் தந்துவிடுகிறது!

அருகமைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து வேண்டும். சற்றே தெளிந்ததும் நிறுத்திவிட்டால் நோய் மீளக்கூடும். ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் இழந்து தொலைதூரம் செல்லும் குடும்பம் மூன்றாம் மாதமே சோர்ந்துவிடும்.

ஏர்வாடியிலும் பின்னாளில் தர்காவை ஒட்டியே 'தவா–துஆ' என்னும் பெயரில் மருத்துவப் பணி தொடங்கப்பெற்றது. மருந்தும் வேண்டுதலும் என்பது அதன் பொருள். இறைஞ்ச வந்தவர் மாத்திரையும் பெற்றுச் செல்ல வழி பிறந்தது.

எனினும் போதாமை பெரிது. 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடைசெய்து, அரசு சார்ந்த மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியுள்ளது. ஆகவே வட்ட மருத்துவமனையில் மருத்துவர் வரும் நாள் யாது, மாத்திரை இருப்பில் உள்ளதா என்று ஜமாஅத்தார் உரிமையுடனேயே கேட்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' இலவச ஆலோசனைச் சேவையின் எண் 14416. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் மாணவர் விடுதியிலும் அதனை எழுதிவைக்கலாம்.