1966-ல் பிறந்தவர் குதிரையா, பாம்பா?

2026 பிப்ரவரி 17 அன்று சீனர்களின் குதிரை ஆண்டு பிறக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்குத் தயாராகும் வாசகர்களிடமிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "1966 ஜனவரியில் பிறந்தேன். குதிரை என்கிறார் ஒருவர், பாம்பு என்கிறார் இன்னொருவர். எது சரி?"

சீன ஆண்டு அமாவாசையில் பிறக்கிறது. எந்த அமாவாசை என்பதைக் குமரிக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். முக்கடல் கரையில் கூட்டம் கூட்டமாக நின்று எள்ளும் நீரும் இறைக்கிறோமே, அந்தத் தை அமாவாசைதான் பெரும்பாலும் சீனப் புத்தாண்டு. ஒரு நாள் முன்பின் ஆகலாம். தை அமாவாசை ஜனவரி 21-க்கு முன்பே வந்துவிட்டால் மாசி அமாவாசைக்குத் தள்ளிப்போகும். இந்த முறை அப்படித்தான். ஜனவரி 18-லேயே தை அமாவாசை வந்துவிட்டதால், சிவாலய ஓட்டக்காரர்கள் திருநட்டாலத்தில் ஓட்டத்தை முடிக்கும் சிவராத்திரிக்கு இரண்டு நாள் கழித்துக் குதிரை ஆண்டு பிறக்கிறது.

1966-ல் அது ஜனவரி 21. அதற்கு முன் பிறந்தவர் பாம்பு. அன்றும் பிறகும் பிறந்தவர் குதிரை. ஜப்பானியரைக் கேட்டால் ஜனவரி 1 முதலே குதிரை என்பார்கள். 1873-ல் ஆங்கில நாள்காட்டிக்கு மாறியபோது விலங்குகளையும் அவர்கள் அதோடு நகர்த்திவிட்டார்கள். பழைய ஜாதகத்தில் கொல்லம் ஆண்டு மட்டும் இருந்தால், ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ம், ஜனவரி முதல் ஆடி வரை 825-ம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு விலங்குகளையும் இங்கே அடுக்கப் போவதில்லை. அவற்றோடு சேர்ந்து சுழலும் இன்னொரு சக்கரத்தைத்தான் கவனிக்க வேண்டும். மரம், தீ, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் இரண்டிரண்டு ஆண்டு ஆள்கின்றன. 6, 7-ல் முடியும் ஆண்டுகள் தீயின் பங்கு. பன்னிரண்டும் பத்தும் சேர்ந்து சுழன்றால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் அதே சேர்க்கை திரும்பும். நம் அறுபது ஆண்டுச் சுற்றுக்கும் அதே நீளம்தான்: 1966 ஏப்ரலில் பிறந்த பராபவ ஆண்டு 2026 ஏப்ரல் 14-ல் மறுபடி பிறக்கிறது. எண்ணிக்கையாக மட்டும் பார்த்தால் அழகான கணக்கு.

அந்தக் கணக்கு ஜப்பானில் செய்த வேலைதான் என்னைக் கலங்க வைக்கிறது. தீயும் குதிரையும் சேர்ந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், புருஷனை விழுங்கிவிடுவாள் என்பது அங்கே பழைய நம்பிக்கை. தீ வைத்த குற்றத்துக்காக 1683-ல் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்ற காய்கறிக் கடைக்காரர் மகள் 1666-ல் பிறந்தவள் என்று கதை கட்டினார்கள். 1906-ல் அந்த ஆண்டு திரும்பியபோது, பல பெற்றோர் பெண் குழந்தையின் பிறந்த தேதியையே முன்னும் பின்னும் மாற்றிப் பதிந்தார்கள். 1966-ல் குழந்தையே வேண்டாம் என்று தள்ளிப்போட்டார்கள். 1965-ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்பு, மறு ஆண்டு சுமார் 13.6 லட்சமாக விழுந்தது. 1967-ல் 19 லட்சத்தைத் தாண்டியது. போரில்லை, பஞ்சமில்லை. ஒலிம்பிக்கும் அதிவேக ரயிலும் கண்டு இரண்டே ஆண்டான நாடு அது. ஆண் பிள்ளையின் மேல் இந்தப் பழி இல்லை என்பதையும் பாருங்கள்.

நமக்கு இது அந்நியமான கதை அல்ல. மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று தோவாளை முதல் விளவங்கோடு வரை எத்தனை ஜாதகங்கள் திரும்பி வந்திருக்கின்றன! நம் யோனிப் பொருத்தத்திலும் விலங்குகள் உண்டு. அசுவினி குதிரை, சுவாதி எருமை. இரண்டும் பகை என்று பொருத்தத்தில் ஒன்றைக் கழிக்கிறார்கள். சில நட்சத்திரங்களின் விலங்கு பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாறுகிறது. அச்சுக்கு அச்சு மாறும் ஒன்றை வைத்து ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவது அநியாயம்.

மற்ற கேள்விகள்:

நம் ராசியும் இதுவும் ஒன்றா? இல்லை. ராசி, பிறந்தபோது சந்திரன் நின்ற இடம். சீன விலங்கு, பிறந்த ஆண்டு.

பூனை ஏன் இல்லை? வியட்நாமில் உண்டு, முயலுக்குப் பதிலாக.

டிராகன் ஆண்டுக் குழந்தை அதிர்ஷ்டசாலியா? 2024-ல் சிங்கப்பூர்ப் பிரதமரே பெற்றுக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். அங்கே கருவுறுதல் விகிதம் முந்தைய ஆண்டின் 0.97-லேயே நின்றது.

மகளுக்குப் பிப்ரவரி கடைசியில் பிரசவம், குதிரை ஆண்டுக்கு முன்பே ஆபரேஷன் செய்துவிடலாமா? கூடாது. தேதியை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.