குழாய் அலமாரியும் மளிகைக் கடையும்



மின்னணுப் பொருள்களைப் பூட்டும் தொழிற்கூடத்துக்கும் நம் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அங்கே ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உதிரிகள். இங்கே கடுகு முதல் கற்பூரம் வரை நூற்றுக்கணக்கான சாமான்கள். இருவருக்கும் இடம் குறைவு, வாடகை அதிகம். கேட்ட பொருள் கேட்ட நேரத்தில் கைக்கு வர வேண்டும், பழைய சரக்கு மூலையில் தங்கிக் கெடக் கூடாது. இந்தத் தொல்லைகளுக்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்றுதான் எடை குறைந்த, கழற்றி மாட்டக்கூடிய குழாய் அலமாரியும் தள்ளுவண்டியும். அதில் நமக்கு உதவுவது எது, உதவாதது எது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கடையிலிருந்து ஆலைக்குப் போன பாடம்

முதலில் நாம் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி. 1916-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்ற மளிகை வியாபாரி, வாடிக்கையாளர் தாமே சாமானை எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். இன்றைய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அதுவே முன்னோடி. ஜப்பானில் டொயோட்டா மோட்டார் ஆலையில் பொறியாளராக இருந்த தாயிச்சி ஓனோ இந்தக் கடைமுறையைக் கூர்ந்து சிந்தித்தார். வாங்குபவர் வேண்டிய சாமானை, வேண்டிய அளவு, வேண்டிய நேரத்தில் எடுக்கிறார்; கடைக்காரர் காலியான இடத்தை மட்டும் நிரப்புகிறார். ஆலையும் இப்படி நடந்தால் என்ன என்று நினைத்த ஓனோ, 1953-லேயே தம் இயந்திரப் பிரிவில் அதைச் செயல்படுத்தினார். 1956-இல் அமெரிக்கா சென்றபோது சூப்பர் மார்க்கெட்டுகளை நேரிலும் பார்த்தார். காலியானதை நிரப்பச் சொல்லி அனுப்பும் அட்டைக்கு 'கான்பான்' என்று பெயர். நம் ஊர் சிட்டைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

ஆக, மளிகைக்காரரிடம் ஆலை பாடம் படித்தது. இப்போது ஆலையிடம் நாம் படிப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

குழாய் அலமாரி என்றால் என்ன?

28 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய இரும்புக் குழாய், அதன் மேல் பிளாஸ்டிக் உறை, இதுதான் அடிப்படை. குழாய்கள் கூடும் மூலைகளில் இரும்பு இணைப்பான்களை வைத்து, ஆலன் சாவியால் போல்ட்டை முறுக்கினால் போதும். வெல்டிங் வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். ஜப்பானின் யசாகி காக்கோ நிறுவனம் 'கிரீஃபார்ம்' என்ற பெயரில் இதைப் பரப்பியது. இப்போது பல நாடுகளில் பலர் செய்கிறார்கள். நம் சந்தையில் 'லீன் பைப்', 'பைப் ஜாயிண்ட் ரேக்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இரும்பைவிட எடை குறைந்த அலுமினியக் குழாயும் உண்டு, விலை கூடுதல்.

குழாய் பெரும்பாலும் 4 மீட்டர் நீளத்தில், அதாவது ஏறக்குறைய 13 அடியில் வருகிறது. 4 அடி அகலம், 2 அடி ஆழம், 5 அடி உயரம், மூன்று தட்டு உள்ள ஓர் அலமாரிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு கால்களுக்கு 20 அடி. ஒரு தட்டின் சுற்றுச் சட்டம் 12 அடி. மூன்றுக்கு 36 அடி. மொத்தம் 56 அடி. வெட்டுவதைத் திட்டமிட்டுச் செய்தால் 5 குழாய்களில் முடியும். இணைப்பான் பூட்ட வேண்டிய மூலைகள் 12. அதற்கு மேல் தட்டுப் பலகை, சக்கரம் ஆகியவை தனி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

தொழிற்கூடத்தில் இது ஏன் பிடித்துப்போனது?

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் கைபேசி உற்பத்தியைத் தொடங்கி, 2014-இல் மூடப்பட்டது. ஆனால் அந்த வட்டாரத்தில் மின்னணுத் தொழில் மறையவில்லை. வேறு பல ஆலைகள் வந்தன. இத்தொழிலில் மாடல் அடிக்கடி மாறும். மாடல் மாறினால் மேசையும் அலமாரியும் மாற வேண்டும். வெல்டிங் செய்த ரேக்கைப் பழைய இரும்புக்குத்தான் போட முடியும். குழாய் அலமாரியைக் கழற்றி வேறு அளவில் பூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, நிலை மின்சாரம். மனிதன் உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் தேவைப்படும் இந்த மின்னதிர்ச்சி, 100 வோல்ட்டுக்கும் குறைவாக இருக்கும்போதே சில சில்லுகளைக் கெடுத்துவிடும். ஆகவே அங்கே மின்கசிவை மெல்லத் தரைக்கு அனுப்பும் கறுப்புக் குழாய், கறுப்புப் பெட்டி, அதற்கேற்ற சக்கரம் எல்லாம் பயன்படுத்துகிறார்கள். இவை நமக்குத் தேவையில்லை. விற்பவர் 'இதுதான் உயர்ந்த ரகம்' என்று 'இஎஸ்டி' குழாயைக் காட்டினால், சாதாரண வெள்ளைக் குழாயே போதும் என்று சொல்லிவிடுங்கள்.

காலாவதியும் அவர்களுக்கு உண்டு. ஈரத்தால் கெடும் சில வகைச் சில்லுகளை, உறையைப் பிரித்த பின் 168 மணி நேரத்துக்குள் பலகையில் பொருத்திவிட வேண்டும். அப்பளக் கட்டைப் பிரித்து வைத்த கதைதான்! எனவே முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பதில் கண்டிப்பு. அதற்காகச் சாய்வு அலமாரி வைக்கிறார்கள். தட்டில் சிறு உருளைகள் வரிசையாக இருக்கும். பின்பக்கம் வைத்த பெட்டி தானாக முன்பக்கம் உருண்டு வரும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மூன்றடி ஆழத்துக்குப் பின்பக்கம் இரண்டு முதல் மூன்று அங்குலம் உயர்த்தினால் போதும்.

நம் கடைக்கு எது பொருந்தும்?

1. சாய்வு அலமாரி: பிஸ்கட், சோப்பு, மசாலாத் தூள், சிறு எண்ணெய் பாக்கெட் போன்று தேதி போட்டு வரும் சரக்குக்கு மிக ஏற்றது. கடைக்கும் பின்னாலுள்ள குடோனுக்கும் நடுவே தடுப்புபோல நிறுத்துங்கள். குடோன் பக்கம் நிரப்பு, கடைப் பக்கம் எடுப்பு. பழைய சரக்கு தானாக முன்னே நிற்கும். அலமாரியைச் சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால் பிரேக் உள்ள சக்கரம் மாட்டி, இரவு கடை கட்டும்போது இழுத்துப் பின்பக்கம் நிரப்பலாம். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது பார்க்கும் விஷயங்களில் இந்த இருப்புச் சுழற்சியும் ஒன்று.

2. இரட்டைப் பெட்டி முறை: தொழிற்கூடத்தில் திருகாணிக்கு இரண்டு பெட்டி வைத்திருப்பார்கள். முன்பெட்டி காலியானால் பின்பெட்டி முன்னே வரும்; காலிப் பெட்டியே ஆர்டர் சீட்டு. நாமும் செய்யலாம். ஒரு மசாலாப் பொடி நாளுக்கு 6 பாக்கெட் விற்கிறது, சப்ளையர் 4 நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 24 பாக்கெட், கைகாப்பாக ஒரு நாள் விற்பனை 6, ஆக 30 பாக்கெட் கொள்ளும் பெட்டி இரண்டு போதும். மொத்த வியாபாரியான நானே இதைச் சொல்வது வியப்பாக இருக்கலாம். பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்ற ஸ்கீமுக்காக ஆறு மாதச் சரக்கை வாங்கி அடுக்குபவர், அந்த இலவசத்தைக் காலாவதியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சில்லறைக் கடைக்காரரின் பணம் சரக்கில் முடங்கினால் எங்கள் பாக்கியும் முடங்கும். அவர் நலத்தில்தான் எங்கள் நலமும் இருக்கிறது.

3. தள்ளுவண்டி: குழாயிலேயே இரண்டு தட்டு வண்டி பூட்டலாம். லோடு இறங்கியதும் அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமப்பதற்குப் பதில் ஒரே நடையில் கொண்டுபோகலாம். நான்கில் இரண்டு சக்கரம் திரும்புவதாகவும் பிரேக் உள்ளதாகவும் இருக்கட்டும்.

நடையும் செலவே

தொழிற்கூடத்தில் ஊழியர் எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். நாமும் எண்ணலாம். வேகமாக விற்கும் ஒரு சாமான் கல்லாவிலிருந்து 15 அடி தள்ளி இருக்கிறது. போக வர 30 அடி. நாளுக்கு 60 முறை என்றால் 1,800 அடி, அதாவது சுமார் 550 மீட்டர். வருடத்தில் 300 நாள் கடை திறந்தால் 165 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் வரை நடந்ததற்குச் சமம். அதுவும் ஒரே ஒரு சாமானுக்காக! அதைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவரச் செலவு ஏதுமில்லை.

எச்சரிக்கைகள்

இது கனமில்லாத சரக்குக்கான சாதனம். அரிசிச் சிப்பம், சர்க்கரை மூட்டை, எண்ணெய் டின் ஆகியவற்றை இதில் ஏற்றக் கூடாது. அவற்றுக்குத் தரையிலிருந்து உயர்த்திய மரக்கட்டையும் கனமான ஆங்கிள் ரேக்கும்தான் சரி. நான்கு அடிக்கு மேல் நடுவில் தாங்கல் இல்லாமல் குழாயை நீட்டினால் வளையும். மாதம் ஒருமுறை ஆலன் சாவியுடன் எல்லா போல்ட்டையும் முறுக்கிப் பாருங்கள். அடுப்பு, விளக்கு அருகில் வேண்டாம். உறை பிளாஸ்டிக் என்பதை மறக்கக் கூடாது. உயரமான அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள். தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முதலில் ஒரே ஒரு அலமாரி பூட்டி மூன்று மாதம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

முதுகும் முதல்தான்

கடைசியாக ஒன்று. சரக்கு, பணம் இரண்டைவிடவும் பெரிய முதல் ஆளின் உடம்பு. வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967-இல் பரிந்துரைத்தது. அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனம் 1991-இல் வகுத்த கணக்குப்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் தூக்குவதற்கு உகந்த எடை 23 கிலோதான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிக்கு வரி வந்தபின் 26 கிலோ சிப்பம் சந்தைக்கு வந்த கதை நமக்குத் தெரியும். வரிக் கணக்கு பார்த்த நாம் முதுகுக் கணக்கும் பார்க்க வேண்டாமா?

கனமான சரக்கு இடுப்பு உயரத்தில், அடிக்கடி எடுப்பது முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில், இலேசானதும் எப்போதாவது விற்பதும் மேலே என்று அடுக்கினாலே பாதி வலி குறையும். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. குழாய் மீதியில் ஒரு முக்காலி பூட்டினால் சட்டத்தையும் மதித்ததாகும், நம் பிள்ளைகளையும் மதித்ததாகும்.

பெரிய அங்காடிகள் தெருவுக்குத் தெரு வரும் காலத்தில், அவர்களுடைய குளிர்சாதனத்தோடும் விளம்பரத்தோடும் நாம் போட்டியிட முடியாது. ஆனால் ஒழுங்கோடு போட்டியிட முடியும். வரும் ஞாயிறு கடை அடைத்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தேதி முடிந்த சரக்கு எவ்வளவு, அதன் கொள்முதல் விலை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அலமாரி வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.