வலிக்காத காலுக்கு ஒரு செருப்பு

உடன்குடிப் பக்கத்துத் தேரி மணல் சித்திரை வெயிலில் நெருப்பாய்ச் சுடும். சுட்டால் காலை எடுத்துவிடுவோம். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ உணர்ச்சி போன காலுக்குச் சூடு தெரியாது! கொப்புளம் புண்ணாகும். புண் முற்றினால் காலையே எடுக்க நேரும்.

1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் பெரும் காரணம் உணர்ச்சியற்ற காலில் விழும் அழுத்தமே என்று கண்டார். மருந்தோடு செருப்பும் தேவைப்பட்டது.

அது எப்படித் தயாராகிறது? அடியில் மை தடவிய ரப்பர் விரிப்பைக் காகிதத்தின்மேல் போட்டு, நோயாளியை மிதிக்கச் சொல்வார்கள். எங்கே மை அப்புகிறதோ, அங்கேதான் ஆபத்து! பாதம் கோணியிருந்தால் மாவுக்கட்டால் அச்சும் எடுப்பார்கள். உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், குதிகாலுக்கு வார். பசையும் தையலும் உண்டு. ஆணி மட்டும் கூடாது. குத்தினாலும் அந்தக் கால் சொல்லாதே!